மாரிமுத்துவின் இரண்டாம் ரத்தம்

காய்ச்சல்காரனிடம் ரத்தம் எடுப்பது சுலபம். காய்ச்சல் விட்டுப் போனவனிடம் எடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும் எங்கள் தொழிலின் லட்சணம்.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் உதவியாளனாக இருந்தேன். பெயர் சூசை. தோட்டத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டவன். நரம்பு தேடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அப்போதெல்லாம் எங்களுக்குப் பெரிய தலைவலி எலிக்காய்ச்சல். மலாய்க்காரர்கள் ‘கென்சிங் தீக்குஸ்’ என்பார்கள், எலி மூத்திரம் என்று அர்த்தம். அது கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நின்றால், காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். தோட்டங்களில் ரப்பர் மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். செம்பனைப் பழத்தைத் தின்ன எலிகள் வந்தன. எலிகளுக்குப் பின்னால் நான் வந்தேன்.

இந்த நோயை உறுதி செய்ய ஒரு ரத்தம் போதாது. காய்ச்சலின்போது எடுக்கும் முதல் ரத்தத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து எடுக்கும் இரண்டாம் ரத்தத்தில்தான், உடம்பு கிருமியோடு சண்டை போட்ட அடையாளம் இருக்கும். இரண்டையும் பார்த்துவிட்டுக் கோலாலம்பூரில் ‘உறுதி’ என்று எழுதி அனுப்புவார்கள். முதல் ரத்தம் மட்டும் போனால் ‘சந்தேகம்’ என்று வரும். இரண்டு வாரத்தில் நோயாளி எழுந்து, சாப்பிட்டு, வேலைக்குப் போய், எங்களையே மறந்திருப்பான். அவனைத் தேடிப் பிடிப்பதுதான் என் வேலை. வீடு வீடாகத் தடுப்பூசி போட அலைந்தவர்களே, கடன் கேட்கப் போனவனைப் போல ஒவ்வொரு வாசலிலும் கதவடைப்பு வாங்கியவர்களே, நீங்கள் படித்தால் போதும், மற்றவர்களுக்கு இது புரியாது.

கெண்டைக்கால்

எங்கள் பெரிய டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். காய்ச்சல் என்று யார் வந்தாலும் நாடி பிடிக்கமாட்டார், நாக்கு பார்க்கமாட்டார். நேரே கெண்டைக்காலைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்குவார். எலிக்காய்ச்சல் என்றால் அங்கேதான் உயிர் போகிற வலி இருக்கும். நோயாளி கத்தினால் டாக்டர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். ஒருமுறை ஆரஞ்சுப் பழத்தோடு சொந்தக்காரரைப் பார்க்க வந்தவர், களைப்பில் காலியான கட்டிலில் கொஞ்சம் சாய்ந்துவிட்டார். அவருக்கும் அமுக்கு விழுந்தது.

மாரிமுத்துவும் அந்த அமுக்குக்குத்தான் வந்து சேர்ந்தார். கோலா கங்சார் சாலையில் ஒரு தோட்டத்தில் அல்லூர் வெட்டுகிறவர். புதுச் செம்பனைக் காட்டில் மழைத் தண்ணீர் ஓடுவதற்காக வெட்டும் வாய்க்காலைத்தான் அங்கே அல்லூர் என்பார்கள். நாற்பது வயது இருக்கும். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கண்கள் இரண்டும் செக்கச் செவேல் என்று இருந்தன, ஓரத்தில் மஞ்சள் வேறு. அவர் கையில், தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணியார் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது: “அடிக்கடி வேலைக்கு வருவதில்லை. காரணம் கண்ணிலேயே தெரியும்.” சம்சு என்னும் மட்டச் சாராயம் குடிக்கிறார் என்று பொருள். டாக்டர் சீட்டை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுக் கெண்டைக்காலைப் பிடித்தார். மாரிமுத்து போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டிலிருந்து தாதி ஓடி வந்தாள். டாக்டருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நான் முதல் ரத்தம் எடுத்தேன். கையை நீட்டிக்கொண்டே மாரிமுத்து மெதுவாகச் சொன்னார்:

“கண்ணு செவந்தா குடிகாரன்னு எழுதிட்டாங்க அண்ணே. காலு வலிக்குதே, இதுக்கு என்னா எழுதுவாங்க?”

ஊசி போட்டதும் ஆட்டம்

சிகிச்சை பெனிசிலின்தான். ஆறு மணி நேரத்துக்கு ஓர் ஊசி, ஏழு நாளைக்கு. இதில் ஒரு சங்கடம் உண்டு. முதல் ஊசி போட்டதும் கிருமிகள் கூட்டமாகச் செத்து விழும்; அந்தக் கலவரத்தில் நோயாளிக்குக் காய்ச்சல் இன்னும் ஏறி, உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் அடங்கிவிடும். எங்களுக்கு இது தெரியும். மாரிமுத்துவின் மனைவி சரோஜாவுக்குத் தெரியாது. மிச்சமிருந்த ரப்பர் மரங்களில் பால்வெட்டு முடிந்து, குளித்து, பஸ் பிடித்து அவள் வார்டுக்குள் நுழைந்த நேரம் கட்டில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

“நடந்து வந்த மனுசனை என்னா செஞ்சீங்க?” என்று அவள் போட்ட சத்தம் மருந்துக்கூடம் வரை கேட்டது. தாதிகள் நழுவிவிட்டார்கள். வெள்ளைக் கோட்டோடு அகப்பட்டவன் நான். சண்டை, கிருமி, சாவு என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். மறுநாள் காலை மாரிமுத்து எழுந்து உட்கார்ந்து கருவாடு கேட்டார் என்பது வேறு விஷயம். அன்றைக்கு என் விளக்கம் முடிந்ததும் அவள் கேட்டாள்:

“சாவுறது கிருமிதானே? அதுக்கு என் வீட்டுக்காரரு ஏன் ஆடணும்?”

கடுதாசி

ஒரு வாரத்தில் மாரிமுத்து வீட்டுக்குக் கிளம்பினார். முதல் ரத்தத்தின் முடிவு எதிர்பார்த்தபடி ‘சந்தேகம்’ என்று வந்திருந்தது. அட்டையில் இரண்டாம் ரத்தத்துக்கான நாளைக் குறித்துக் கொடுத்து, வழக்கம்போல வராமல் இருந்துவிடாதீர்கள் என்று வழக்கம்போல மிரட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். சரோஜா மட்டும் நின்றாள். வார்டில் போட்ட சத்தம் அன்றைக்கு அவளிடம் இல்லை.

“இவரு குடியை விட்டு மூணு வருசமாச்சு அண்ணே. பெரிய மக பள்ளிக்கூடத்துல பரிசு வாங்குன அன்னைக்கு, இவரு கூட்டத்துல தள்ளாடிக்கிட்டு நின்னாரு. பிள்ளை பார்த்துட்டா. அதோட விட்டாரு. இப்ப கிராணியாரு என்னாடான்னா, மாசக் கடைசிக்குள்ள ஆஸ்பத்திரியிலேருந்து நிச்சயமான கடுதாசி வரணும், இல்லன்னா பேரை அடிச்சிருவேன்னு சொல்றாரு. பேரு போச்சுன்னா லயத்து வீடும் போச்சு. சந்தேகம்னு எழுதுன தாளைக் கொண்டுபோய் நான் என்னா செய்ய?” என்று கேட்டாள். தோட்டம் கொடுக்கும் அந்த வரிசை வீடுகளில், லயத்தில் பிறந்தவன்தான் நானும். இரண்டாம் ரத்தம் வந்தால் நிச்சயம் கடுதாசி வரும், அதற்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன். வாசலுக்குப் போகும்போது அவள் திரும்பிச் சொன்னாள்:

“பொறுப்புன்னு சொல்லிட்டீங்க. நான் இனிமே தூங்கலாம், நீங்க தூங்காதீங்க.”

எலி இல்லாத வீடு

மாரிமுத்துவின் இரண்டு வாரம் ஓடிக்கொண்டிருந்தபோது வேறு நோயாளிகள் சும்மா இருக்கவில்லை. ரயில்வேயில் ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் வந்து படுத்தார். கெண்டைக்கால் சோதனையில் முதல் வகுப்பில் தேறினார். நோயாளியின் விவரம் எழுதும் எங்கள் பாரத்தில் ஒரு கேள்வி உண்டு: வீட்டில் எலி உண்டா? நான் கேட்டதுதான் தாமதம், காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார். “எங்கட வீட்டிலை எலியோ? தம்பி, நீர் ஆரோடை கதைக்கிறீர் எண்டு தெரியுமோ?” பாரத்தில் ‘இல்லை’ என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

மறுநாள் அவருடைய மனைவி சூப்போடு வந்தார். பெரியவருக்கு ஆர்க்கிட் செடிப் பைத்தியம். செடிக்கு உரமாக, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சாக்கடையில் இறங்கி, அடியில் தேங்கிய சேற்றை வெறுங்காலோடு நின்று அள்ளுகிறாராம். வாரத்துக்கு இரண்டு தரம். அந்தச் சாக்கடையில் எலி உண்டா என்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டேன். அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, என்னைவிடத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“எலி சாக்கடையிலைதான் தம்பி. வீட்டுக்குள்ளை வாறேல்லை, இவருக்குப் பயம்.”

புது பூட்ஸ்

டவுன் சாக்கடை துப்புரவு செய்யும் பெருமாளண்ணனுக்கு ஒரு வருடத்தில் இரண்டு முறை எலிக்காய்ச்சல் வந்தது. டாக்டர் கோபப்பட்டு, அவருடைய மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். முழங்கால் உயரத்துக்குப் பளபளவென்று ரப்பர் பூட்ஸ் வந்தது. ஒரு நாள் நான் என் கப்சாய் மோட்டார் சைக்கிளில் போகும்போது பெருமாளண்ணனைப் பார்த்தேன். முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்கிறார். பூட்ஸ் இரண்டும் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்குகிறது.

வண்டியை நிறுத்தி, டாக்டர் பார்த்தால் என்ன ஆகும் தெரியுமா என்று கத்தினேன். அவர் பூட்ஸை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“புதுசு லா அண்ணே! சாக்கடையில போட்டா கெட்டுப் போயிராதா?”

என்ன மீன்?

எடுத்த ரத்தம் கெடாமல் இருக்க ஐஸ் போட்ட பெரிய பிளாஸ்க் ஒன்று என்னிடம் இருந்தது. கடலோரச் சித்தியவானில் ஒருவரிடம் இரண்டாம் ரத்தம் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வருகிறேன். அந்தப் பக்கத்திலிருந்து ஐஸோடு யார் வந்தாலும் அது மீன்தான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த அக்கா, என்ன மீன் என்று கேட்டார். மீன் இல்லை என்றேன். இறாலா என்றார். இல்லை என்றேன். நண்டா? அதுவும் இல்லை. ரத்தம் என்று சொன்னால் பஸ்ஸே நின்றுவிடும் என்பதால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஈப்போவில் இறங்கும்போது அந்த அக்கா பின்னால் இருந்தவரிடம், எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்:

“நல்ல மீனு கிடைச்சிருக்கு. எந்தக் கடைன்னு சொல்ல மனசு வரலை, பாரு.”

பெரட்டில் ஒரு பெயர்

மாரிமுத்துவின் நாள் வந்தது. அதே அல்லூர்க் கும்பலில் இன்னும் மூன்று பேருக்கும் அதே வாரம் காய்ச்சல் வந்து, முதல் ரத்தம் எடுத்திருந்தோம். நான்கு பேரையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால் நான்கு பேரும் வரமாட்டார்கள் என்பது என் அனுபவம். ஆகவே நானே விடிவதற்குள் தோட்டத்துக்குப் போய்விட்டேன். அங்கே வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். பெயருக்குப் பதில் வந்தால் அன்றைக்கு வேலை உண்டு. பதில் வராவிட்டால் ஆப்சென்ட். பெரட்டு நேரத்தை விட்டால் ஆட்கள் காட்டுக்குள் கலைந்துவிடுவார்கள், தேடிப் பிடிக்க முடியாது.

மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் ஒரே ஒரு பல்பு. எல்லோர் தலையிலும் பிளாஸ்டிக் தாள் இருந்தது. கிராணியார் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கும் பழக்கம் இல்லாதவர். அவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, என் பட்டியலில் இருந்தவர் பதில் சொல்லிவிட்டு என் மேஜைக்கு வந்து கையை நீட்டினார். “மாரிமுத்து!” என்றார். “இருக்கேங்க!” என்று கணீரென்று ஒரு குரல் வந்தது. பார்த்தேன். கண்ணில் மஞ்சள் இல்லை. கன்னம் உப்பியிருந்தது. தோளில் சதை பிடித்திருந்தது. நரம்பு கயிறு மாதிரி எழுந்து நின்றது. இரண்டு வாரத்தில் இவ்வளவு தேறியிருக்கிறாரே, பெனிசிலின் என்றால் சும்மாவா என்று எனக்கே பெருமை தாங்கவில்லை. “ஆளே மாறிட்டீங்களே மாரிமுத்து!” என்று தோளில் தட்டினேன். அவர் கொஞ்சம் நெளிந்தார், பிறகு சிரித்தார்.

“எல்லாம் உங்க மருந்துதாண்ணே.”

இல்லை என்று வந்த தாள்

கோலாலம்பூரிலிருந்து முடிவு வந்தது. மூன்று பேருக்கு ‘உறுதி’. மாரிமுத்துவுக்கு ‘இல்லை’. சந்தேகம் என்றுகூட இல்லை, சுத்தமாக இல்லை. டாக்டர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பியும் பார்த்தார். அவருடைய கெண்டைக்கால் சோதனை அதுவரை தோற்றதில்லை. “ரத்தம் எடுத்தது நீர்தானே, சூசை?” என்றார். நான்தான் என்றேன். அவர் அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது.

முடிவைத் தோட்டத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். டெலிபோனில் சொன்னேன். சொல்லும்போது சரோஜாவின் முகம்தான் முன்னால் நின்றது. அந்தப் பக்கம் கிராணியார் தாராளமாகச் சிரித்தார்.

“நான் படிக்காத டாக்டர் லா. நீங்க ரெண்டு தடவ ரத்தம் எடுத்தீங்க, நான் கண்ணைப் பார்த்தே சொன்னேன்.”

லயத்து வீட்டில் தேத்தண்ணி

டெலிபோனில் கிராணியாரிடம் சொன்னவன், சரோஜாவிடம் நேரில் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று கப்சாயை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று பாடம் பண்ணிக்கொண்டே போனேன். வாசலில் மாரிமுத்து உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். ஒடுங்கிய கன்னம், வற்றிய கை. கண்ணில் மஞ்சள் இன்னும் லேசாக ஒட்டியிருந்தது. பத்து நாளில் ஒரு மனிதன் இப்படி இளைப்பானா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தேன். சரோஜா தேத்தண்ணி கொடுத்தாள். மாரிமுத்து வருத்தத்தோடு பேச்சை ஆரம்பித்தார்: “அன்னைக்கு அட்டையில போட்ட தேதிக்கு முத பஸ்ஸைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன் அண்ணே. கவுன்டர்ல இருந்த மலாய்ப் பிள்ளை, ரத்தம் எடுக்குறவரு உங்க தோட்டத்துக்குத்தான் போயிருக்காருன்னு திருப்பி அனுப்பிருச்சு. இங்க வந்தா நீங்க போயிட்டீங்க. நல்ல வேளை, உங்ககிட்ட ரத்தமெல்லாம் கொடுத்தாச்சுன்னு என் தம்பி சொன்னான்.”

தேத்தண்ணி என் கையிலேயே ஆறியது. நான் யாரிடம் ரத்தம் எடுத்தேன் என்று கேட்பதற்குள், பால் வாளியோடு மாரிமுத்துவின் தம்பி பழனி வந்து நின்றான். உப்பிய கன்னம், கயிறு மாதிரி நரம்பு. என் பெனிசிலின் அழகன்! பழனி பால்வெட்டுகிறவன், அல்லூரில் கால் வைத்ததே இல்லை. அவன் ரத்தத்தில் எலிக்காய்ச்சல் எப்படி இருக்கும்? பால்வெட்டுப் பெரட்டில் தன் பெயருக்குப் பதில் சொல்லிவிட்டு, அங்கிருந்து ஓடி வந்து அண்ணன் பெயருக்கும் பதில் சொல்லியிருக்கிறான். நான் விஷயத்தைச் சொன்னதும் சரோஜா வாயைப் பொத்திக்கொண்டாள். அவனைத் திட்ட வேண்டும் என்று எழுந்தேன். திட்ட வரவில்லை. வார்டில் ஒரு வாரம் பார்த்த முகத்தை ஒரு பல்பு வெளிச்சத்தில் மறந்தவன் நான். அவனாவது அண்ணனை நினைத்துச் செய்தான். அங்கேயே, அந்த வாசலிலேயே, வண்டிப் பெட்டியில் எப்போதும் இருக்கும் ஊசியை எடுத்து, மாரிமுத்துவின் கையைப் பிடித்து ரத்தம் எடுத்தேன். முகத்தை மூன்று தடவை பார்த்துக்கொண்டேன். பழனி கதவோரம் தலை குனிந்து நின்றான்.

“பேரு கூப்பிட்டா யாராச்சும் பதில் சொல்லணும்லா அண்ணே. இன்னொரு ஆப்சென்ட் விழுந்தா அவரு கதை முடிஞ்சிரும். ஊசி குத்துவீங்கன்னு உங்க மேஜைக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சிச்சு, பாதியில எப்படி ஓடுறது?”

கோலாலம்பூர் பஸ்

டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நின்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் சிவந்தது. பிறகு மேஜையில் கையை அடித்து அடித்துச் சிரித்தார். தன் கெண்டைக்கால் தோற்கவில்லை என்ற சந்தோஷம் அவருக்கு. உடனே கோலாலம்பூருக்கு டெலிபோன் போட்டார். தபாலில் அனுப்பினால் நாள் போதாது, நீரே கொண்டுபோம் என்றார். பிளாஸ்கை இரண்டு முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் சிலிம் ரிவர் என்ற ஊரில் பஸ் நின்றபோது எல்லோரும் இறங்கிச் சாப்பிட்டார்கள். நான் இறங்கவில்லை. யாராவது என்ன மீன் என்று கேட்டால் அழுதுவிடும் நிலையில் இருந்தேன்.

கோலாலம்பூரில் அந்தச் சோதனைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு சீன அம்மா. கண்டிப்பானவர். ஒரு வாரம் ஆகும் என்று சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. எனக்குத் தெரிந்த மலாய் மொத்தத்தையும் திரட்டி, பல்பு, மழை, பெரட்டு, தம்பி, லயத்து வீடு என்று முழுக் கதையையும் கொட்டினேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாயை வாங்கி, இரண்டு நாளில் டெலிபோனில் சொல்கிறேன், கடிதம் பின்னால் வரும் என்றார். நான் வாசலுக்குப் போனதும் மலாயில் கூப்பிட்டுக் கேட்டார்:

“இந்த முறை நிச்சயம்தானா? அவருக்கு இன்னொரு தம்பி இல்லையே?”

மாதக் கடைசி

‘உறுதி’ என்று டெலிபோன் வந்தபோது டாக்டர் என் கையைக் குலுக்கினார். கெண்டைக்காலைப் பிடிக்காமல் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. உடனே உட்கார்ந்து கடுதாசி எழுதினார். இந்த ஆள் குடித்ததால் நோயாளியாகவில்லை, உங்கள் அல்லூரில் நின்றதால் நோயாளியானார் என்று இரண்டே வரி. அடியில் கையெழுத்தும் பெரிய முத்திரையும் இருந்தன. நானே கொண்டுபோனேன். மாதத்தின் கடைசி நாள் பெரட்டு அது, அன்றைக்குப் பால்வெட்டுக்காரர்களும் அல்லூர்க்காரர்களும் ஒரே கொட்டகையில் நிற்பார்கள். அன்றைக்கு மழை இல்லை.

கிராணியார் கடுதாசியை வாங்கிப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார். அவர் தலையைத் தூக்கி எதிரே நின்றவர்களை முகம் முகமாகப் பார்த்ததை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அது அவர் வழக்கமில்லை. புத்தகத்தைத் திறந்தார். மாரிமுத்துவின் பெயர்மேல் ஏற்கெனவே பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து, அவசரப்படாமல், தூள் பறக்க அழித்தார். வாயால் ஊதித் தூளைத் தள்ளினார். பால்வெட்டுக்காரர்கள் வரிசையில் நின்ற சரோஜா தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் கண்ணில் தண்ணீர்தான், மறைக்க என்னிடம் துண்டு இல்லை.

கிராணியார் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வழக்கத்தைவிட உரக்க, “மாரிமுத்து!” என்று கூப்பிட்டார்.

“இருக்கேங்க!” என்று அல்லூர்க் கும்பலிலிருந்து ஒரு குரல் வந்தது. அதே நேரத்தில், பழக்க தோஷமோ பாசமோ, பால்வெட்டு வரிசையிலிருந்தும் “இருக்கேங்க!” என்று கணீரென்று இன்னொரு குரல் வந்தது. கொட்டகையே சிரித்தது. கிராணியார் சிரிக்கவில்லை, பேனாவை மட்டும் கீழே வைத்தார்.

“ஒரு பேருக்கு ஒரு ஆளு போதும்லா!”

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் நாள் வரை, பெயருக்குப் பதில் சொல்லி யார் கையை நீட்டினாலும், ஊசியை எடுக்குமுன் “உங்களுக்கு அண்ணன் தம்பி எத்தனை பேரு?” என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.